இறங்கி உட்கார்ந்த வலி

உலகம்மையின் இடுப்புவலி அவள் முதுகை விட்டு இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணிக் காப்பிக்குச் சற்று முன்னால், நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. ஆனைப்பொத்தையில் தெற்குத் தெருக்காரிகள் நாங்கள் பீடி சுற்றுவது மாடத்தி மதினி வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டிவிட்டு, சோற்றை வடித்து வைத்துவிட்டு, ஆளுக்கொரு சுளகை, அதாவது முறத்தை, மடியில் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால், இலை வெட்டுவதும் தூள் நிரப்புவதும் உருட்டுவதும் நூல் கட்டுவதுமாக, கழுத்து ஒரு பக்கம் சாய, முதுகு வளைய, வெளியே வெயில் ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது.

அந்தக் கொட்டகைக்கு ஒரு சட்டம் உண்டு. முதலில் எழுந்திருக்கிறவள் எல்லோருக்கும் அடிபம்பில் தண்ணீர் பிடித்து வர வேண்டும். யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது, அதை மீறியவளும் கிடையாது. ஆகவே யாரும் எழுந்திருப்பதில்லை. தாகம் எடுத்தால் எச்சிலை விழுங்குவோம், கால் மரத்தால் மற்றக் காலால் இடித்துக்கொள்வோம், ஒன்றுக்கு வந்தால்கூட இன்னொருத்தி எழுந்திருக்கட்டும் என்று அடக்கிக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்போம். எங்கள் வீட்டு ஆண்கள் இதற்கு ‘உட்கார்ந்து பார்க்கிற வேலை’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

உலகம்மைக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, ஊர் வாய் கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகு பிறந்தவள் மகிஷா. பிள்ளைக்கு ஒன்றரை வயது இருக்கும்போது, ரேஷன் கடை வாசலில், நின்ற வாக்கிலேயே இடுப்பை வளைத்துக் குனிந்து அவளை வெடுக்கென்று தூக்கினாள் உலகம்மை, அப்போது பிடித்துக்கொண்டது. பிள்ளையோடு சேர்ந்து தரையில் விழுந்தாள். பிள்ளைக்கு நெற்றியில் காயம். அதற்குப் பிறகு அவள் மகளைத் தூக்கவே இல்லை. குழந்தையும் கொஞ்ச நாள் கையை நீட்டிப் பார்த்தது, பிறகு விட்டுவிட்டது. எங்களிடம் கை நீட்டும், பால்காரரிடம் நீட்டும், லோடு ஆட்டோவை விட்டு இறங்கும் அப்பன் கொம்பையாவிடம் ஓடிப்போய் நீட்டும். அம்மாவிடம் மட்டும் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு விவரம் இருக்கக் கூடாது. இடுப்பு கொள்ளாத அளவுக்குப் பிள்ளை வளர்ந்துவிடும் முன்னால் ஒரு தடவையாவது அவளைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர உலகம்மைக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

பெரியாஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை. துணைக்கு நாங்களும் போனோம், எங்களுக்கும்தான் வலி இருந்ததே. அங்கே உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் தங்கமானவள். தானே தரையில் உட்கார்ந்து காட்டினாள். ஒரேயடியாகக் குனிந்தே இருக்காதீர்கள், அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடங்கள், சுவரோடு சாய்ந்து இடுப்புப் பள்ளத்தில் ஒரு துணியை மடித்து வையுங்கள், காலை மாற்றி மாற்றி நீட்டுங்கள், எதைத் தூக்கினாலும் முட்டியை மடக்கி உட்கார்ந்து, வயிற்றோடு அணைத்துத் தூக்குங்கள், ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முட்டிக்கும் நடுவில் ஒரு தலையணை. மரத்துப்போவது கூடினாலோ, காலில் பலம் குறைந்தாலோ உடனே வந்துவிடுங்கள் என்றும் சொன்னாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தோம்.

பஸ்ஸில் வரும்போது மாடத்தி மதினிதான் ஆரம்பித்தாள். “அரைமணிக்கு ஒருக்கா எந்திரிக்கணுமாம்லா. எந்திரிச்சா தண்ணி யாரு எடுக்க? அந்த ஆஸ்பத்திரிப் பிள்ளையா வந்து எடுக்கும்?”

பஸ் முழுக்கச் சிரித்தோம். உலகம்மையும் சிரித்தாள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை மகிஷா பம்படியில் வழுக்கி விழுந்து வீறிட்டாள். உலகம்மை சட்டத்தையும் மறந்தாள், இடுப்பையும் மறந்தாள், சுளகைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவள் எழுந்தாள், வலி எழவில்லை. அவள் உட்கார்ந்திருந்த சாக்கிலேயே அது உட்கார்ந்திருந்தது. உயரமும் பருமனும் அவள் அளவுதான், ஊறவைத்த பீடி இலையின் நிறம், முகம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கழுத்து சாய்ந்திருந்த விதத்தை வைத்து அது யாருடையது என்று யாரும் சொல்லிவிடலாம்.

“ஏட்டி உலகம்ம,” என்றாள் மாடத்தி மதினி, கையில் இருந்த பீடியை மடித்து முடித்துவிட்டு. “ஒன் வலி இங்கன உக்காந்திருக்கு பாரு.”

உலகம்மை திரும்பிப் பார்த்தாள். “இருந்துட்டுப் போட்டும் மதினி,” என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் முட்டியைக் கழுவிவிட்டு, முதலில் எழுந்தவள் என்பதால் எல்லோருக்கும் தண்ணீர் பிடித்து வந்தாள். வலிக்கும் ஒரு தம்ளர் கொடுப்பதா வேண்டாமா என்று கொஞ்சம் பேச்சு நடந்தது. கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் என்பதுதானே சட்டம் என்று முடிவானதும் அதற்கும் ஒரு தம்ளர் வைத்தோம்.

அடுத்தடுத்த நாட்களில் எங்களுடையவையும் இறங்கிவிட்டன. ஒருத்திக்கு இறங்கினால் மற்றவர்களுக்குச் சும்மா இருக்குமா? மாடத்தி மதினியுடையது அவளைப் போலவே தடித்தது, இறங்கும்போது கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு முனகியது. ஊரும் வேண்டிய ஏற்பாடுகளைச் செய்துகொண்டது. வலிக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று கண்டக்டர் ஒரு நாள் சண்டை போட்டார். சீட்டில் உட்கார்ந்தால் டிக்கெட், மடியில் உட்கார்ந்தால் வேண்டாம் என்று டிரைவர் தீர்த்துவைத்தார். கோயில் பூசாரி வலிகளுக்கும் திருநீறு பூசினார். கல்யாண வீட்டில் பந்திக்குப் பின்னால் அவற்றுக்கென்று தனியாக ஜமுக்காளம் விரித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணோடு பெண்ணின் வலியையும் பார்த்துவிட்டு, சின்னதாக இருக்கிறது, பரவாயில்லை என்று காப்பி குடித்தார்கள்.

ஆண்கள்தான் கொஞ்சம் சிரமப்பட்டார்கள். வேலை முடிந்து வந்த கொம்பையா, நடுவீட்டில் உட்கார்ந்திருந்த வலியைப் பார்த்து, சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தான்.

“இம்புட்டுப் பெருசா?” என்று கேட்டான். “இதத் தூக்கிக்கிட்டா இத்தன நாளும் நின்ன?”

“நின்னேன்னு யாரு சொன்னா? உக்காந்துதான இருந்தேன்,” என்றாள் உலகம்மை.

மறுநாள் அவன் செங்கல் அடுக்கி ஒரு மேடை கட்டி, தண்ணீர்க் குடத்தையும் அரிசி வாளியையும் தரையிலிருந்து எடுத்து அதன்மேல் வைத்தான். வலியைச் சுற்றிக்கொண்டு போகும்போது கால் படாமல் பார்த்துப் போனான்.

நாங்கள் அதோடு நின்றிருக்க வேண்டும். ஆனால் பீடிக்காரிகளுக்கு ஒரு கை சும்மா இருப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. இலையும் தூளும் எதிரே கிடக்க, வலி வெறுமனே உட்கார்ந்திருக்கிறதே என்று மாடத்தி மதினி தன்னுடைய வலியின் மடியில் ஒரு சுளகைத் தூக்கி வைத்தாள். அது பீடி சுற்ற ஆரம்பித்தது. அத்தனை வருஷம் முதுகில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்ததுதானே, எங்கள் கையைவிட அதன் கை சுத்தம். அன்று மத்தியானத்துக்குள் எல்லா வலிகளின் மடியிலும் சுளகு ஏறிவிட்டது, நாங்கள் எழுந்துவிட்டோம்.

எழுந்தபிறகு என்ன செய்வதென்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. பிறகு ஆற்றுக்குப் போய்க் கழுத்தளவு தண்ணீரில் நின்றோம். தலைக்கு எண்ணெய் வைத்து ஒருத்திக்கொருத்தி சிக்கெடுத்தோம். பகலில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தோம். நிமிர்ந்து நடந்தால் தெரு இவ்வளவு நீளமா என்று இருந்தது, சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

உலகம்மை மட்டும் எங்களோடு ஆற்றுக்கு வரவில்லை. முதுகு லேசாகிவிட்டது, இனிப் பிள்ளையைத் தூக்கலாம் என்று மகிஷாவின் முன்னால் போய் நின்றாள். குனியப் போனாள். ரேஷன் கடை வாசல் நினைவுக்கு வந்தது, அந்த நெற்றி நினைவுக்கு வந்தது, கை பாதியில் நின்றுவிட்டது. வலி இறங்கியிருந்தது, பயம் இறங்கவில்லை. மகிஷா அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நேராக வலியிடம் போய், அம்மாவைப் போலவே கழுத்தைச் சாய்த்து உட்கார்ந்திருந்த அதனிடம், இரண்டு கைகளையும் நீட்டினாள். வலி சுளகை ஓரமாக வைத்துவிட்டு அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டது.

அன்றைக்கு உலகம்மை அழுததை நாங்கள் பார்த்தோம். அவளுக்குப் பொறாமை, சொந்த வலிமேலேயே பொறாமை.

இலை கொடுக்கிற ஏஜெண்டு வேம்பு அண்ணாச்சி கொட்டகைக்கு வந்தார். இலை வாங்க வந்து நின்ற எங்களையும் சுளகோடு உட்கார்ந்திருந்த வலிகளையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனுஷர்தான், கெட்ட வார்த்தை பேசமாட்டார், ஆனால் அவருக்குக் கைகள் மட்டும்தான் கண்ணில் படும்.

“சேர்ந்து உக்காந்தா ரெட்டிப்பு ஆவும்லா,” என்றார். “இனி ஆளுக்கு ரெண்டு பங்கு இலை.”

நாங்களும் சரியென்று வாங்கிக்கொண்டோம். அப்படித்தான் வலிக்குப் பக்கத்திலேயே வலிக்குரியவளும் மறுபடி உட்கார்ந்தாள். ஆறும் போயிற்று, எண்ணெயும் போயிற்று. கொட்டகையில் இரண்டு வரிசையாகக் குனிந்த முதுகுகள். வலிகள் எங்களைவிட மோசம், தண்ணீர் குடிக்கக்கூடத் தலை தூக்காமல் வேலை செய்தன. ஆடி மாதக் காற்று வந்து தூளை வாரி அடித்தபோதும் அசையவில்லை.

முதலில் முனகியது உலகம்மையின் வலிதான். சுளகின்மேல் கை நின்றது, அந்தக் கை மெல்லப் பின்னால் போய் இடுப்பைப் பிடித்தது. “இடுப்பு வலிக்கு,” என்றது. குரல் அச்சு அசலாக உலகம்மையுடையதே. நாங்கள் எட்டிப் பார்த்தோம். அதன் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, கையளவு ஒன்று குனிந்து உட்கார்ந்திருந்தது.

வலிக்கும் வலி வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் தன் குட்டியைச் சுமந்துகொண்டு, வந்த வழியே திரும்பி எங்கள் முதுகுகளில் ஏற ஆரம்பித்தது. முன்பு சுமந்தது ஒன்று, இப்போது இரண்டு. மாடத்தி மதினி தூணைப் பிடிக்காமல் எழ முடியாமல் ஆனாள். உலகம்மைக்கு இடது பாதம் மரத்துப்போயிற்று. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் தெருமுனை வரைக்கும் நடந்துபோய், பின்னால் வந்தவர்கள் சொல்லித்தான் திரும்பினாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசிமுனையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த டாக்டர், இப்படியே போனால் நடப்பதே சிரமமாகிவிடும், சொன்னதில் எதையாவது செய்தீர்களா என்று கேட்டார்.

மறுநாள் காலையில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். உலகம்மை சாக்கில் உட்கார்ந்திருந்தாள். வலி அவள் முதுகில் பாதி ஏறியும் ஏறாமலும், ஏறுவதற்குக்கூடத் திராணி இல்லாமல், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குனிந்திருந்தது. மகிஷா வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், வலியைப் பார்த்தாள். முன்பெல்லாம் வலியிடம் நீண்ட கைகள் இப்போது அதனிடமும் நீளவில்லை. இரண்டு குனிந்த முதுகுகளுக்கும் நடுவில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

உலகம்மை வலியைத் திரும்பிப் பார்த்தாள். அன்றுவரை அதைக் கண்டு பயந்திருக்கிறாள், திட்டியிருக்கிறாள், பொறாமைப்பட்டிருக்கிறாள், இப்படி முகம் கொடுத்துப் பார்த்ததில்லை.

“எந்திரி,” என்றாள்.

அது அசையவில்லை.

“எந்திரிட்டி. எம்புட்டு நேரம் இப்படியே இருப்ப? செத்துப் போவ.” அதன் மடியிலிருந்த சுளகை எடுத்து அப்பால் வைத்தாள். அதைச் சுவரோரம் நகர்த்திச் சாய்த்து, பழைய சேலை ஒன்றை மடித்து இடுப்புப் பள்ளத்தில் செருகினாள். ஒரு காலை நீட்டிவிட்டாள், கொஞ்சம் கழித்து மற்றக் காலை. பிறகு அதன் கையைப் பிடித்துத் தூக்கி, பம்படி வரைக்கும் நடத்திக்கொண்டு போய்த் திரும்பக் கூட்டி வந்தாள்.

தனக்கென்று சொன்னபோது எங்களில் ஒருத்திக்கும் ஏறாததை, இன்னொன்று முனகும்போது கை தானாகச் செய்தது. நாங்கள் அப்படித்தான், அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கஷாயத்தோடு ஓடுவோம், நமக்கென்றால் படுத்துக் கிடப்போம். ஆனால் வலியை நடத்த வேண்டுமென்றால் கூட நடந்துதான் ஆக வேண்டும். அது முட்டியை மடக்கி உட்காரப் பழக வேண்டுமென்றால் முதலில் உட்கார்ந்து காட்ட வேண்டும். அது ஒருக்களித்துப் படுத்தால்தானே தலையணையை முட்டிக்கு நடுவில் வைக்கலாம், அதனால் பக்கத்தில் உலகம்மையும் ஒருக்களித்துப் படுத்தாள். அப்படி அவளும் நடந்தாள், உட்கார்ந்து எழுந்தாள், படுத்தாள்.

முதலில் சிரித்தோம். சிரித்துக்கொண்டே எங்களுடையதையும் முதுகிலிருந்து இறக்கி, கையைப் பிடித்து எழுப்பினோம். கன்றுக்குட்டியை நடைபழக்குகிற மாதிரி ஆளுக்கொரு வலியைக் கூட்டிக்கொண்டு சாயங்காலங்களில் தெரு நெடுக நடந்தோம். பகலில்தான் சிக்கல், ஏனென்றால் சட்டம் இருந்தது, முதலில் எழுந்திருக்க யாருக்கும் மனம் வரவில்லை. அதற்கு மாடத்தி மதினிதான் வழி சொன்னாள்.

“கடைசியா எந்திரிக்கிறவ தண்ணி எடுக்கணும்,” என்றாள். “இன்னையிலேருந்து.”

அதற்கப்புறம் கொட்டகையைப் பார்த்திருக்க வேண்டும். எவளாவது ஒருத்தி சுளகை லேசாக நகர்த்தினால் போதும், அத்தனை பேரும் அத்தனை வலிகளும் தடதடவென்று எழுந்து வாசலுக்கு ஓடுவோம். மாடத்தி மதினி தன் சட்டத்துக்குத் தானே அதிகம் மாட்டிக்கொண்டு தண்ணீர் தூக்கினாள்.

வேம்பு அண்ணாச்சி வந்தபோது இரண்டாவது பங்கு இலைக் கட்டுகளை வாசலில் அடுக்கி வைத்திருந்தோம்.

“என்னம்மா இது?”

“ஒரு ஆளுக்குள்ளது போதும் அண்ணாச்சி,” என்றாள் உலகம்மை. “இதுவளுக்கும் முடியல.”

“வேற ஊர்ல குடுத்துருவேன் பாத்துக்கோங்க.”

“குடுங்க. அங்கயும் இறங்கத்தான செய்யும்.”

அவர் கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார், அடுத்த வாரம் வழக்கமான இலையோடு வழக்கம்போல் வந்தார். வீட்டுச் செலவு இறுகியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கறிக்குழம்பு மாதத்துக்கு ஒரு தடவை ஆயிற்று.

வலிகள் சிறுத்தன. ஒரே நாளில் இல்லை, மழை வந்து, மழை நின்று, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் சமயத்தில்தான் கவனித்தோம். குட்டிகள் உதிர்ந்திருந்தன. சில வலிகள் சாயங்கால நடையில் எங்கேயோ கையை விட்டுவிட்டுப் போனவை, திரும்பவில்லை. மாடத்தி மதினியுடையது போகவில்லை. பனிக்காலத்தில் கொஞ்சம் பெருக்கும், வெயிலில் சுருங்கும், அதற்கென்று ஒரு பாய் போட்டு வைத்திருக்கிறாள். உலகம்மைக்குப் பாதத்தில் உணர்ச்சி வந்துவிட்டது, சுண்டுவிரலில் மட்டும் இன்னும் இல்லை. அவள் வலி முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. காலையில் அரைக்குடம் தண்ணீரை முட்டி மடக்கித் தூக்கிப் பழகினாள், பிறகு முக்கால் குடம். பிள்ளையின் எடை அளவுக்குக் குடம் கனத்த பிறகும் பிள்ளையின் பக்கம் போகவில்லை. கேட்டால், “இன்னும் கொஞ்ச நாள் போட்டும் மதினி,” என்பாள். பிள்ளையோ நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டிருந்தாள், கவுன் முட்டிக்கு மேலே ஏறிவிட்டது.

மாசி மாதம் ஒரு காலையில், நாங்கள் எல்லோரும் எழுந்து வாசலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். உலகம்மையின் வலி பம்படியில் கால் இடறி உட்கார்ந்துவிட்டது. மகிஷா அதைப் பார்த்தாள். இப்போது அவள் அதைவிட உயரம். ஒரு காலத்தில் தன்னை இடுப்பில் வைத்திருந்தது என்று நினைத்தாளோ என்னவோ, கிட்டே போய், காலை நேராக ஊன்றி நின்று, நின்ற வாக்கிலேயே இடுப்பை வளைத்துக் குனிந்து, தன் அம்மாவின் வலியைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொள்ளப் போனாள். வலியும் அவளைப் பார்த்துக் கை நீட்டியது.

உலகம்மை அப்படி ஓடினதை நாங்கள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தம்ளர் எங்கே விழுந்தது என்று தெரியாது. போய், இரண்டுக்கும் நடுவில், முட்டியை மடக்கித் தரையோடு உட்கார்ந்தாள்.

“அதத் தூக்காதட்டி,” என்றாள். “அது எனக்குள்ளது. நீ இங்க வா.”

மகிஷா நின்றாள். கைகளை நீட்டவில்லை, அந்தப் பழக்கம்தான் விட்டுப்போயிருந்ததே. உலகம்மைதான் நீட்டினாள். பிள்ளையை நெஞ்சோடு, வயிற்றோடு சேர்த்து அணைத்து, ஒரு நொடி அப்படியே இருந்துவிட்டு, கால்களில் பலத்தைக் கொடுத்து எழுந்தாள். மாடத்தி மதினி தூணைப் பிடித்துக்கொண்டிருந்தாள், விழப்போவது தானே என்பது போல. உலகம்மை விழவில்லை. பிள்ளையின் கால்கள் அவள் முழங்கால் வரைக்கும் தொங்கின.

கீழே வலி அவள் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது. மகிஷா அதைக் குனிந்து பார்த்துவிட்டு, அம்மாவின் காதருகில் வாயைக் கொண்டுபோய், எங்களுக்கெல்லாம் கேட்கும்படி ரகசியமாகக் கேட்டாள்.

“வலிக்காம்மா?”

“வலிக்கு,” என்றாள் உலகம்மை. “நீ இரு.”